வெயில் தின்ற காது

வாசிதியின் அப்பாவுக்கு ஓர் அக்கா. அந்த அக்காவின் நடுமகன் வெள்ளையாகப் பிறந்தான். வாசிதியின் அம்மா வேறு தீவுக்காரி. அவளுடைய தாத்தா கூடப்பிறந்த தங்கச்சியும் அப்படித்தான் வெள்ளையாக இருந்தாளாம். இப்படி இரண்டு குடும்பத்திலும் ஒளிந்து கிடந்த வெள்ளை, ஒரு கல்யாணத்தில் ஒன்றாய்ச் சேர்ந்து, மூத்த பிள்ளை செதரேகியின் மேல் வந்து விடிந்தது. தேங்காய்ப் பருப்பு போலத் தோல். கொப்பரை நார் போல முடி. வெளிச்சத்தில் நிலைகொள்ளாமல் ஆடுகிற கண். அவனுக்குப் பின் பிறந்த வாசிதி, எங்கள் லாவுத் தீவுகளில் எல்லாரையும் போல நல்ல கறுப்பு.

சின்ன வயதில் இரண்டும் ஒரே பாயில் உருண்டு, ஒரே சட்டியில் மரவள்ளி தின்று வளர்ந்தவைதான். வாசிதி கொஞ்சம் வளர்ந்ததும் அதெல்லாம் முடிந்தது. அண்ணன் தங்கை நேருக்கு நேர் பேசக்கூடாது, தொடக்கூடாது, அண்ணன் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்குள் தங்கை நுழையக்கூடாது. கோபத்தில் வந்த வழக்கம் இல்லை இது, மரியாதையில் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அண்ணன் பெண்டாட்டி காதில் போட்டால் போதும், அது போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும். அண்ணன் பிடித்த மீனில் ஒன்று எப்போதும் தங்கை வீட்டு வாசல் கம்பில் தொங்கும். யார் கொண்டுவந்து மாட்டியது என்று கேட்க வேண்டியதில்லை.

வாசிதி தலைநகர் சுவாவுக்குப் போய் நர்ஸ் படித்தாள். அங்கே ஒரு டீச்சர் சொன்னாளாம்: "மனுஷன் உடம்புலயே பெரிய உறுப்பு எது தெரியுமா? ஈரலும் இல்ல, குடலும் இல்ல, தோல்தான். வெயிலுக்குக் குடை, கிருமிக்கு வேலி, காய்ச்சலுக்கு விசிறி, தொட்டா சேதி சொல்ற தபால்காரன், எல்லாம் அதுதான்." அப்போது வாசிதிக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. எல்லாரும் உடம்புக்குள்ளேயே குடையோடு பிறக்கிறார்கள். செதரேகி குடையை மறந்துவிட்டு வந்தவன்.

படித்து முடித்து ஊருக்கே வந்தாள். அவள் பொறுப்பில் இருந்த கிராமங்களுக்குப் படகில்தான் போகவேண்டும். போன இடமெல்லாம் தோல். சொறி பிடித்த குழந்தைகள், படர்தாமரை படர்ந்த முதுகுகள், மண் அடுப்புக் கல்லில் வெந்த பாதங்கள், கத்தி வெட்டு, மீன்முள் ஏறிச் சீழ் வைத்த கைகள். ஒரு வீட்டில் சொறிக்குக் களிம்பு தடவி முடிப்பாள். சாவு வீடு என்று பக்கத்துத் தீவு ஜனம் வந்து எல்லாரோடும் ஒரே பாயில் படுக்கும். போன சொறி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி முதலிலிருந்து தடவுவாள். இப்படியே புருஷனையும் புதைத்தாள், முடியும் நரைத்தது. அடுத்தவர் தோலைக் கழுவிக் கழுவி அவள் கைத்தோல் வறண்டு, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. இந்த வருஷக் கடைசியில் ஓய்வு. ஓய்வு என்று சொன்னால் சந்தோஷம் வரவேண்டுமே, அதுகூட வரவில்லை. அவ்வளவு அசதி.

செதரேகி மீன்பிடிப்பவன். கடலில் போகும்போது ஓலைத்தொப்பி, முழுக்கைச் சட்டை, எல்லாம் சரியாகத்தான் போடுவான். அந்தத் தொப்பியே வாசிதி முடைந்து அண்ணிக்காரியிடம் கொடுத்தனுப்பியதுதான். தொல்லை கடலில் இல்லை, கரையில். எங்கள் ஊருக்குள் தலையை மூடிக்கொண்டு நடந்தால் தலைவரை அவமதித்ததாகும். சுற்றுலா வருகிறவனைக்கூடத் தொப்பியைக் கழற்றச் சொல்வார்கள். செதரேகி ஊர் எல்லை ஈரப்பலா மரம் வந்ததும் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வான். அப்புறம் ஊர்ப்புல் வெட்டுகிற வேலை, கூட்டம், கல்யாணப் பந்தல், எல்லாம் வெறுந்தலைதான். போன வருஷம் புயல் தின்றது போக மிச்சமிருந்த சர்ச்சுக் கூரைக்குச் சாயம் அடித்தார்கள். வாரக்கணக்கில் அவன் அந்தத் தகரத்தின் மேல் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தான். தெய்வத்தின் வீட்டு மேலேயே தொப்பியா என்று அவனே சொன்னானாம்.

அதற்குப் பிறகுதான் காதில் புண் வந்தது.

சர்ச்சில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். வாசிதி ஞாயிறுதோறும் அண்ணன் பின்மண்டையைப் பார்த்தபடிதான் உட்காருவாள். போதகர் பைபிள் படிப்பார், அவள் அந்த இடது காதைப் படிப்பாள். முதலில் காது விளிம்பில் ஒரு பொருக்கு. அப்புறம் பொருக்கு உதிர்ந்து சிவப்பு. அப்புறம் சுற்றி ஒரு வரப்பு எழும்பி நடுவில் குழி விழுந்தது. ஒரு ஞாயிறு அவன் வெள்ளைச் சட்டைக் காலரில் ரத்தப் பொட்டு. ஆறுகிற புண்ணும் ஆறாத புண்ணும் அவளுக்குத் தெரியாதா? இது தோல்புற்று. காதோடு நிற்கும்போது வெட்டினால் ஆள் பிழைப்பான். கழுத்தில் நெறி கட்டிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை.

சுவாவிலிருந்து தோல் டாக்டர் வருஷத்துக்கு ஒரு தரம் கப்பலில் வருவார். போன வருஷம் புயலால் வரவில்லை. இந்த வருஷம் விட்டால் செதரேகியின் காது அடுத்த வருஷம்வரை காத்திருக்காது.

சொல்லவேண்டும். சொல்வதற்கு ஒரே வழி, அண்ணன் பெண்டாட்டி உனைசி. அங்கேதான் வினை.

எங்கள் பக்கம் நாத்தனாரும் அண்ணன் பெண்டாட்டியும் பார்த்தால் கேலிதான் பேசவேண்டும். கேலி பேசாவிட்டால் சண்டை என்று ஊர் நினைக்கும். உனைசியோ பிறவிக் கேலிக்காரி. வாசிதியும் இளமையில் சளைத்தவள் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நேரான வார்த்தை போனதில்லை.

முதல் தரம் கடல்திட்டில் சிப்பி பொறுக்கும்போது வாசிதி ஆரம்பித்தாள்.

"மதினி, உன் வீட்டுக்காரர் காதப் பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். நண்டு கடிச்சுட்டுப் போயிருக்கு. உங்க வம்சத்துக் காதுல நண்டுக்கு அப்படி என்ன ருசியோ தெரியல."

"நண்டு இல்லடி. வெயில் கடிச்சது. டாக்டர்கிட்ட காட்டணும்."

"ஒன்ன டாக்டர்கிட்ட காட்டணும். கெழவி ஆகியும் ஊரான் புருஷன் காதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே!"

பக்கத்தில் சிப்பி பொறுக்கிய பெண்களெல்லாம் தண்ணீரில் விழுந்து சிரித்தார்கள். வாசிதியும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் தரம் களிம்பும் கட்டுத்துணியும் கொடுத்தனுப்பினாள். இந்தப் புண்ணுக்குக் களிம்பு ஒன்றும் செய்யாது என்று அவளுக்குத் தெரியும். களிம்பைப் பார்த்தாவது விஷயம் பெரிது என்று உறைக்காதா என்றுதான். உனைசி மறுவாரம் வந்து சொன்னாள்:

"மதினி, நீ குடுத்த மருந்த எங்க பன்னிக்குத் தடவினேன். பன்னி இப்ப உன்னவிட அழகாயிடுச்சு. மாப்ள பாக்கலாமான்னு இருக்கேன்."

மூன்றாம் தரம் வாசிதி நேராகவே சொன்னாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தக் காது போயிடும் மதினி. காது போறதோட நிக்காது."

"போகட்டும்! நான் சொன்னத எப்பவாச்சும் கேட்ட காதா அது? இருந்தா என்ன, போனா என்ன!"

வேறு ஆளிடம் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அண்ணன் உடம்பைப் பற்றித் தங்கை ஊரார் வாயில் போடுவது அசிங்கம். மதினியைத் தாண்டிப் போவது அதைவிட அசிங்கம். போதகரிடம் மட்டும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் நோயாளிகள் எல்லாருக்குமாகச் சேர்த்து நல்ல நீளமாக ஜெபம் செய்தார். செதரேகியும் கண்ணை மூடி உருக்கமாக ஆமென் சொன்னான். ஆமென் சொல்லும்போது காது அசைந்தது. வாசிதி பின்னாலிருந்து அதையும் பார்த்தாள்.

கப்பல் புறப்பட்டுவிட்டதாக ரேடியோவில் சேதி வந்தது. வாசிதி மருந்தறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முட்டி வலித்தது. பாயில் சாய்ந்தால் போதும் என்றிருந்தது. சாயவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு அடியில் கைவிட்டுத் திமிங்கலப் பல்லை எடுத்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனது. எண்ணெய் ஏறி மஞ்சளாய்ப் பழுத்து, பின்னிய கயிறோடு கனத்துக் கிடந்தது. தன் சாவுக்கு என்று அவள் வைத்திருந்தது அது. வெறுங்கையோடு கிடத்தினார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே.

செதரேகி கடலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனாள். உனைசி வாசலில் சேப்பங்கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே ஆரம்பித்தாள்.

"வாம்மா நர்ஸு! இன்னிக்கு என்ன, மூக்கா? போன தடவ காது, அடுத்து..."

வாசிதி உள்ளே போய்க் கதவோரம், கீழ்ப்பக்கத்தில், காலை மடக்கி உட்கார்ந்தாள். மடியிலிருந்து பல்லை எடுத்து இரு கையிலும் ஏந்தினாள். கயிறு கீழே தொங்கியது.

உனைசியின் வாய் அப்படியே நின்றது. ஒரு நாத்தனார் தன் மதினிக்குப் பல் எடுத்து வந்து யாரும் கண்டதில்லை. பல் வந்துவிட்டால் அங்கே கேலி கிடையாது. பெண் கேட்க, பகை தீர்க்க, பிணம் கேட்க வருவது அது. உனைசி கையைத் தன் இடுப்பில் சுற்றிய சுலுத் துணி முந்தியில் துடைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள். பல்லுக்கு மரியாதையாக இரு கையையும் குழித்து மெதுவாகத் தட்டினாள்.

வாசிதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வீட்டுப் பெரியவருக்கும், இந்த வீட்டு அம்மாவுக்கும், என் கையில இருக்கிற சின்னப் பொருள் இது. பெரியவர் காதுல இருக்கிறது சாவு. இன்னும் கழுத்துக்கு எறங்கல. கப்பல்ல வர்ற டாக்டர் அத வெட்டி எடுக்கணும். அதுக்கு அவரக் கேட்டு வந்திருக்கேன். என் பேச்ச எடுத்துக்கணும்."

உனைசி பல்லை வாங்கினாள். வாங்கிய பிறகு முறைப்படி நாலு வார்த்தை சொல்லவேண்டும். சொல்ல வரவில்லை. பல்லை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"இத ஏன்டி மொதல்லயே சொல்லல?" என்றாள்.

"மூணு தடவ சொன்னேன்."

"நீ வெளையாடுறன்னு நெனச்சேன்டி. நாம என்னிக்குடி நெசம் பேசினோம்?"

வாங்கிய பல்லை மறுக்க முடியாது. டாக்டர் வந்த அன்று செதரேகி குளித்து, வெளுத்த சட்டை போட்டு, உனைசி பின்னால் மருந்தறைக்கு வந்தான். வாசிதி சட்டென்று மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வெளியே போகலாம் என்றால் அந்தத் தீவிலேயே நர்ஸ் அவள் ஒருத்திதான்.

டாக்டர் ரொனில் சுவாவில் பிறந்து வளர்ந்த இந்தியப் பையன், கெட்டிக்காரன். காதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கழுத்தின் இரு பக்கமும் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். வாசிதி அலமாரிக் கண்ணாடியில் அந்த விரல் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெறி கட்டல," என்றான். "ஆனா புற்றுதான். இப்பவே எடுத்துடலாம். காது மேல்பாதி போகும், பரவால்லயா பெரியவரே?"

"கீழ்ப்பாதி போதும் டாக்டர்," என்றான் செதரேகி. "இவ சத்தத்துக்கு அதுவே அதிகம்."

உனைசி சிரிக்கவில்லை.

"நர்ஸம்மா, தலைய அசையாம பிடிச்சுக்கோங்க."

வாசிதி அசையவில்லை. தலை என்பது லேசுப்பட்டதா? பிறத்தியார் தலைக்கு மேலே கை நீட்டி ஒரு பொருளை எடுப்பதே தப்பு. அதிலும் அண்ணன் தலை. டாக்டருக்கு அது புரியவில்லை, உனைசிக்குப் புரிந்தது.

"நான் பிடிக்கிறேன் டாக்டர், நான் பெண்டாட்டி," என்று முன்னால் வந்தாள்.

பிடித்தாள். ஊசி காதில் இறங்கியதும் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. உனைசியின் கை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. கையோடு தலையும் ஆடியது. டாக்டர் கத்தியை எடுத்தான், வைத்தான்.

"இப்படி ஆடினா வெட்ட முடியாதும்மா. கண்ணுப் பக்கம் போயிடும்."

வெளியே கோழி கொத்துகிற சத்தம் கேட்டது. அப்போது செதரேகி கண்ணை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"டாக்டர், இந்தத் தீவுல ஒரு நர்ஸ் இருக்காங்களாம். கேள்விப்பட்டிருக்கேன். அவங்க கை ஆடவே ஆடாதாம்."

உனைசி எழுந்து வழிவிட்டாள். வாசிதி கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கையை நெற்றியிலும் ஒரு கையைப் பின்மண்டையிலும் வைத்தாள். பாயில் உருண்ட காலத்துக்குப் பிறகு இப்போதுதான் அண்ணனைத் தொடுகிறாள். கையுறைக்குள் அவள் கை வெடிப்பு எரிந்தது. தலை சூடாக, கனமாக இருந்தது. அப்பா தலையும் இப்படித்தான், ஒரு பக்கம் சப்பை.

கை வைத்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. காது மட்டும் இல்லை. முடிக்கு அடியில் மண்டை முழுக்கச் சொரசொரப்பு. சுறாத் தோலைத் தடவினாற்போல. இன்றைக்கு இந்தக் காது. நாளைக்கு உச்சியில் ஒன்று, நாளன்றைக்குப் பிடரியில் ஒன்று. ஒரு சொறி போய் ஒரு சொறி வருகிற மாதிரி இதற்கும் முடிவில்லை. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. கை மட்டும் ஆடவில்லை.

கட்டுப் போட்டு முடிந்ததும் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "இவருக்கு மண்டை பூரா பொருக்கு, டாக்டர். ஊருக்குள்ளயும் தொப்பி போடணும்னு யாராச்சும் இவருக்குச் சொன்னா நல்லது."

"அவரு இங்கதானே இருக்காரு? கேட்டிருப்பாரே."

"கேட்டிருக்கும். ஆனா நான் சொன்னதா இருக்கக்கூடாது."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு இப்போது ஏதோ பிடிபட்டது போலிருந்தது. "பெரியவரே, ஊருக்குள்ளயும் தொப்பி போடுங்க," என்றான் சத்தமாக.

"ஊருக்குள்ள தொப்பி போட்டவன் தலைவர மதிக்காதவன், டாக்டர்."

"போடலன்னா அடுத்த வருஷம் நான் மத்தக் காதுக்கு வருவேன்."

செதரேகி கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

வெட்டிய துண்டு கப்பலில் சுவாவுக்குப் போனது. பதில் வரும்வரை வாசிதி படகில் போனாள், வந்தாள், களிம்பு தடவினாள், சீழ் எடுத்தாள். அண்ணன் தலையைத் தொட்ட தப்புக்கு இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேர் ஒரு கட்டை உனைசி கையில் கொடுத்தனுப்பினாள். அது ஏற்கப்பட்டது என்பதற்கு அடையாளமாக வாசல் கம்பில் ஒரு பெரிய மீன் தொங்கியது. ஒருநாள் ரேடியோவில் டாக்டரின் குரல் கரகரத்தது: முழுசாக எடுத்தாகிவிட்டது, ஓரத்தில் மிச்சம் இல்லை. வாசிதி சரி என்றாள். நன்றி என்றாள். அப்புறம் ஊசிகளை வேகவைக்கப் போனாள். அழக்கூடத் தெம்பு இல்லை.

சில வாரம் கழித்து ஊர்ப்புல் வெட்டுகிற திங்கட்கிழமை. வாசிதி மருந்துப்பையோடு மைதான ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். வெயில் காய்ந்த தகரமாய்ச் சுட்டது. வெறுந்தலையாய்க் குனிந்து வெட்டுகிற கறுத்த ஆண்கள் நடுவில் ஓலைத்தொப்பி ஒன்று தெரிந்தது. அவள் முடைந்த தொப்பி. அவளுக்குக் கால் நின்றது.

மரத்தடியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்த உனைசி ஓடிவந்தாள்.

"பல்லைத் தலைவர்கிட்ட கொண்டுபோய் வச்சுட்டாருடி. 'தொப்பி போட உத்தரவு வேணும்'னு கேட்டாரு. தலைவருக்கு உன் புருஷன் பல்லத் தெரியாதா, கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. 'உன் தங்கச்சி சாவுக்கு வச்சிருந்தத உன் உசுருக்குக் குடுத்திருக்கா. நான் ஒரு தொப்பிய மறுத்தா அது தலைவனுக்கு அழகா?'ன்னுட்டாரு."

"அப்ப எனக்குப் பல்லு போச்சு."

"போச்சு. நீ செத்தா ஒன்ன வாழ இலைல சுத்திக் கடல்ல விட்டுடுவோம். கவலப்படாத."

"மீன் என்னத் தின்னும், உன் புருஷன் மீனைத் தின்பாரு, கணக்குச் சரியாயிடும்," என்றாள் வாசிதி. வெகுநாளுக்குப் பிறகு அவளுக்குப் பழைய நாக்கு திரும்பியது.

அப்போது செதரேகி நிமிர்ந்தான். கலங்கிய கண்ணுக்கு வெகுதூரம் தெரியாது. ஆனால் தங்கையின் நடை தெரியும். மரியாதையாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றான். தலைவர் உத்தரவு கொடுத்துவிட்டார், சரி. தங்கை கடந்து போகும்போது? அதற்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லையே. மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அரைக்காதும் வெந்த உச்சியும் உச்சி வெயிலில் பளபளத்தன.

வாசிதிக்கு உயிர் போய் வந்தது. போடு என்று கத்தவேண்டும். கத்த முடியாது. உனைசி பக்கம் திரும்பி மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"மதினி! உன் வெள்ளக்காரன் தொப்பியக் கழட்டிட்டான் பாரு! இன்னொரு பல்லுக்கு நான் எங்க போவேன்? மண்டையில ஒரு கொட்டு கொட்டிப் போடச் சொல்லுடி!"

ஆண்கள் கத்தியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். உனைசி கரண்டியோடு ஓடினாள். செதரேகியும் சிரித்துக்கொண்டே தொப்பியைத் தலையில் வைத்தான். வாசிதி அவன் வைத்துவிட்டானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பையைத் தோள் மாற்றி, படகுத்துறைப் பக்கம் நடந்தாள். அடுத்த கிராமத்தில் மறுபடி சொறி வந்திருந்தது.